பழைய கான்டெசாவா, புதுக் காரா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டுல போட்ட ஒரு கணக்கு

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம்)

போன எபிசோடு முடியறப்போ போற போக்குல ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா? "எங்க மாமா ஒரு பழைய கார் தர்றேன்னு சொல்றார், வாங்கவா வேண்டாமான்னு முழிச்சுட்டு இருக்கேன்"னு. அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி, "ப்ரோ, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க". மீதிப் பாதி, "ப்ரோ, கண்ணைத் திறந்துக்கிட்டு ஓடுங்க". ரெண்டு பக்கமும் அவ்வளவு உறுதியா இருந்ததால, இந்த எபிசோடு முழுக்க அதைப் பத்தியே பேசிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல நிலவரம். கார், 1994 மாடல் ஹிந்துஸ்தான் கான்டெசா கிளாசிக். வெள்ளை கலர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாமா வீட்டுக்குப் பின்னாடி ஒரு தகர ஷெட்டுல ஆறு வருஷமா நிக்குது. எங்க வீடு ராஜபாளையம், அங்கிருந்து ஒரு 12 கிலோமீட்டர். நான் இருக்கறது சென்னையில, வாடகை வீட்டுல, கார் நிறுத்த இடமே இல்லாத தெருவுல.

மாமா மில்லுல மேனேஜரா இருந்தப்போ வாங்கின வண்டி இது. நான் பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தது இதுலதான். அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பும் இதுலதான். மாமா போன்ல சொன்னது இவ்வளவுதான்: "மாப்ளே, எனக்கு இடது கால் முடியல, கிளட்ச் மிதிக்க வரல. நீ எடுத்துக்கிட்டா 2 லட்சம் குடு. இல்லேன்னா மாசக் கடைசியில சிவகாசியில இருந்து ஒருத்தர் வந்து எடைக்குத் தூக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு."

இன்னொரு பக்கம், கையில இருக்கறது மூணு வருஷமா சேர்த்த 9 லட்சம். ராஜபாளையத்துல அப்பா அம்மாகிட்ட இப்போ கார் இல்ல. அம்மாவுக்கு முட்டி தேய்மானம், கூடவே பிரஷர். மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போகணும். கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியா கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர். இப்போ வாடகைக் கார்லதான் போயிட்டு வர்றாங்க. அந்த 9 லட்சம் அவங்களுக்கு ஒரு கார் வாங்கச் சேர்த்த பணம்.

ஆக, கேள்வி "பழைய கார் அழகா, புதுக் கார் அழகா"ங்கறது இல்ல. ஒரே 9 லட்சம், ரெண்டு ஆசை. அதுதான் கேள்வி.

மஸில் கார்னா என்ன?

கான்டெசாவை நம்ம ஊர்ல "இந்தியாவோட மஸில் கார்"னு சொல்லுவாங்க. அது சரியான்னு பார்க்க ஒரு நிமிஷம் அமெரிக்கா போய்ட்டு வருவோம்.

நடுத்தர அளவு கார், சாதாரண விலை, ஆனா பானட்டுக்குள்ள பெரிய கார்ல வைக்கற வி8 என்ஜின். இதுதான் மஸில் காரோட ஃபார்முலா. 1964-ல வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் பலரும் இதோட ஆரம்பம்னு சொல்றாங்க. 6.4 லிட்டர் என்ஜின், 325 ஹார்ஸ்பவர். அதே வருஷம் ஏப்ரல்ல ஃபோர்டு மஸ்டாங் வந்துச்சு. ஆனா ஒரு சுவாரசியம்: முதல் மஸ்டாங்கோட அடிப்படை மாடல்ல இருந்தது வி8 இல்ல. ஆறு சிலிண்டர் என்ஜின், 101 ஹார்ஸ்பவர். போஸ்டர்ல பார்க்கற மஸ்டாங் வேற, அன்னைக்கு தெருவுல ஓடின பல மஸ்டாங் வேற.

அந்த 325, 101 எல்லாம் கூட இன்னைக்குக் கணக்குல அப்படியே எடுத்துக்க முடியாது. 1971 வரைக்கும் அமெரிக்க கம்பெனிகள் சொன்னது "கிராஸ்" கணக்கு. என்ஜினைத் தனியா டெஸ்ட் பெஞ்சுல வைச்சு, ஃபேன், ஏர் ஃபில்டர், காரோட சைலன்சர் இதெல்லாம் இழுக்கற சக்தியைச் சேர்க்காம அளப்பாங்க. 1972-ல இருந்து "நெட்" கணக்குக்கு மாறினாங்க. அதாவது வண்டியில மாட்டினா எப்படி இருக்குமோ அப்படி. ஒரே ராத்திரியில எல்லா காரும் பலவீனமான மாதிரி தெரிஞ்சுச்சு. பழைய பெஞ்ச்மார்க் நம்பரையும் புது நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வைச்சு ஒப்பிடக் கூடாதுன்னு ஆபீஸ்ல அடிக்கடி சொல்லுவோம் இல்லையா, அதே கதைதான்.

அப்புறம் 1973 எண்ணெய் நெருக்கடி, புகைக் கட்டுப்பாடு, ஏறிப்போன இன்ஷூரன்ஸ். எல்லாம் சேர்ந்து அந்தக் காலம் முடிஞ்சுது. பிறகு திரும்பி வந்துச்சு, இப்போ மறுபடியும் சுருங்கிட்டு இருக்கு. டாட்ஜோட வி8 சாலஞ்சர் உற்பத்தி 2023 கடைசியில நின்னுச்சு. செவர்லே கமாரோவும் நின்னுபோச்சு. மஸ்டாங் மட்டும் வி8-ஐ விடாம வைச்சிருக்கு.

இந்தியாவுல ஷோரூம்ல போய் வாங்கக் கூடிய மஸ்டாங் 2016-ல வந்துச்சு. 5 லிட்டர் வி8, சுமார் 400 ஹார்ஸ்பவர், டெல்லி எக்ஸ்-ஷோரூம் விலை 65 லட்சம். இறக்குமதி வரியே காரோட விலை அளவுக்கு ஏறிடும். ஃபோர்டு 2021-ல இந்தியாவுல கார் தயாரிக்கறதை நிறுத்தறதா அறிவிச்சுட்டாங்க. ஆக, "புது மஸில் கார்"ங்கறது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு யூடியூப்லதான்.

நம்ம ஊர் மஸில்

இங்கிலாந்துல வாக்ஸால் விக்டர்னு ஒரு கார். அதோட கடைசி வடிவத்தோட டூலிங்கை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, மேற்கு வங்காளம் உத்தர்பாராவுல 1984-ல இருந்து கான்டெசாவா தயாரிச்சாங்க. நீளமான பானட், அகலமான முகம், பின் சக்கரத்துக்கு டிரைவ். தூரத்துல இருந்து பார்த்தா அமெரிக்கக் கார் மாதிரியே இருக்கும்.

ஆனா உள்ள? ஆரம்பத்துல அம்பாசிடர்ல இருந்த அதே 1.5 லிட்டர் என்ஜின். 50 ஹார்ஸ்பவர். பயில்வான் உடம்புக்குள்ள எல்.கே.ஜி. பையன். பிறகு இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 5 கியர், 88 ஹார்ஸ்பவர்னு வந்தப்போதான் "கிளாசிக்" ஆச்சு. டீசலும் வந்துச்சு. 2002-ல உற்பத்தி நின்னுபோச்சு.

இதே கதை சென்னையிலயும் நடந்திருக்கு. பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1985-ல ஸ்டாண்டர்டு 2000-ன்னு ஒரு கார் கொண்டுவந்தாங்க. உடம்பு, இங்கிலாந்துல வி8 என்ஜினோட ஓடின ரோவர் எஸ்.டி.1. இங்க உள்ள வைச்சது பழைய வான்கார்டு வழி வந்த 2 லிட்டர் என்ஜின். மூணு வருஷத்துல கதை முடிஞ்சுது.

இப்போ நம்பரைப் பாருங்க. மாமாவோட கான்டெசா அதோட இளமையில 88. இன்னைக்கு ஷோரூம்ல நிக்கற ஸ்விஃப்ட் சுமார் 80, எடை கான்டெசாவை விட ரொம்பக் கம்மி. 1.5 லிட்டர் டர்போ விர்டஸ், ஸ்லாவியா 150. வேகத்துக்காக கான்டெசா வாங்கறேன்னு யாராவது சொன்னா, அவங்க இன்னும் ஓட்டிப் பார்க்கலன்னு அர்த்தம்.

அப்போ எதுக்கு வாங்குவாங்க? அந்த பானட் நீளத்துக்கு, பின் சீட்டு சோபாவுக்கு, ஸ்டியரிங்கைத் திருப்பினா ஒரு நொடி யோசிச்சுட்டுத் திரும்பற அந்த நிதானத்துக்கு. சின்ன வயசுல தமிழ்ப் படத்துல பணக்காரர் வீட்டு வாசல்ல அது வந்து நின்னதுக்கு. இதெல்லாம் நியாயமான காரணம்தான். பவர் மட்டும் காரணம் இல்ல.

ஷெட்டுல

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பழைய வண்டி பார்க்கற ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு மாமா வீட்டுக்குப் போனோம். மாமா அன்னைக்கு காலையிலயே எழுந்து தூசி தட்டித் துடைச்சு வைச்சிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அண்ணன் பையில இருந்து எடுத்த முதல் டூல், ஒரு சின்ன காந்தம். அதைத் துணியில சுத்தி, கதவு அடிப்பக்கம், சக்கர வளைவு, டிக்கி ஓரம்னு வைச்சுக்கிட்டே வந்தார். தகடு இருந்தா ஒட்டும். துருவை மறைச்சு பட்டி பூசியிருந்தா ஒட்டாது. டிரைவர் பக்கம் பின் சக்கர வளைவுல காந்தம் பொத்துனு கீழ விழுந்துச்சு. மாமா வேற பக்கம் பார்த்தார்.

அடுத்து மேட்டைத் தூக்கி தரையைப் பார்த்தார். பழைய காரை வாங்கறவங்க பெயின்ட்டைத்தான் பார்ப்பாங்க. பார்க்க வேண்டியது தரை, கதவுக்குக் கீழ இருக்கற பெட்டி மாதிரி பகுதி, டிக்கிக்குள்ள ஸ்டெப்னி வைக்கற குழி. என்ஜின் போனா இன்னொரு என்ஜின் கிடைக்கலாம். இந்த மாதிரி கார்ல தனி சட்டம் கிடையாது, உடம்புதான் சட்டம். அது அரிச்சா செலவுக்கு எல்லையே இல்ல. நல்ல வேளையா நம்ம பக்கம் கடல் காத்து இல்ல. சென்னையில இதே வண்டி ஆறு வருஷம் நின்னிருந்தா தரையே இருந்திருக்காதுன்னார் அண்ணன். மாமா வண்டிக்கு தரை முக்கால்வாசி நல்லா இருந்துச்சு.

உதிரி பாகம் கிடைக்குமான்னு கேட்டேன். "தம்பி, இதுக்கு ஸ்பேர் கடையில கிடைக்காது. ஆள் மூலமாத்தான் கிடைக்கும்" அப்படின்னார். என்ஜின் சாமான் ஓரளவு தேடிடலாம், ஏன்னா இசுசு என்ஜின் குடும்பம் பெருசு. பிரச்சினை கண்ணாடி ரப்பர், டெயில் லைட், டேஷ்போர்டு, கதவு பிடி. அதுக்கு இன்னொரு கான்டெசா சாகணும்.

லெகசி கோடு பார்த்த நம்ம மக்களுக்கு இது புரியும். டாக்குமென்டேஷன் ஒரே ஒரு ஆள் தலைக்குள்ள இருக்கும். அவர் லீவு போட்டா சிஸ்டம் நின்னுடும். கான்டெசா வாங்கறது, அந்த மெக்கானிக் அண்ணனோட உடல்நலத்துலயும் சேர்த்து முதலீடு பண்றது.

திண்ணையில உட்கார்ந்து ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுக் குடுத்தார். டிங்கரிங், பெயின்ட் 2,10,000. என்ஜின், கியர்பாக்ஸ் இறக்கி வேலை 1,00,000. வயரிங் 30,000. பிரேக், சஸ்பென்ஷன், டயர் 70,000. சீட்டு, ரப்பர், பீடிங் 60,000. மொத்தம் 4,70,000. ஏ.சி. இதுல இல்ல. மாமாவோட 2 லட்சத்தைச் சேர்த்தா 6,70,000. இது எங்க வண்டிக்கு அவர் போட்ட கணக்கு, உங்க வண்டிக்கு மாறும்.

"எவ்வளவு நாள்ணே?"

"ஒரு வருஷம் வைச்சுக்கோங்க. மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க."

பெட்ரோல் மாறிப்போச்சு

இந்தப் பகுதியை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. கார் அப்படியே நிக்குது, ஆனா அதுக்குள்ள ஊத்தற பெட்ரோல் ரெண்டு தடவை மாறிடுச்சு.

முதல் மாற்றம், ஈயம். 2000 பிப்ரவரியில இருந்து நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். பழைய என்ஜின்கள்ல வால்வு உட்கார்ற இடத்துக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை மாதிரி இருந்துச்சு. அது இல்லாம தொடர்ந்து வேகமா ஓட்டினா அந்த இடம் மெல்லத் தேயும். என்ஜினைத் திறக்கறப்போ கெட்டியான வால்வு சீட் போட்டுட்டா இது தீர்ந்துடும்.

ரெண்டாவது மாற்றம், எத்தனால். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு சுமார் 13.5. புதுக் கார்ல சைலன்சர் பக்கம் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கு. அது புகையை மோந்து பார்த்து கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் திருத்திக்கும். கார்பரேட்டருக்கு மூக்கும் கிடையாது, மூளையும் கிடையாது. பித்தளை ஜெட்ல இருக்கற ஓட்டை என்ன அளவோ அதே அளவுதான் ஊத்தும். அதனால கலவை இளைச்சுப் போகும், என்ஜின் சூடாகும், இழுக்கறப்போ திணறும். ஜெட்டை மாத்தி டியூன் பண்ணலாம், ஆனா அது தெரிஞ்ச கை வேணும்.

அதோட எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை அரிக்கும். மாசக்கணக்கா நிக்கற வண்டிக்கு இது இன்னும் மோசம். நான் சென்னையில, கார் ராஜபாளையத்துல, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஸ்டார்ட் பண்ணுவேன்னு ஒரு கனவு கண்டுட்டு இருந்தேன். அண்ணன் அதைக் கேட்டுட்டு சிரிக்கக் கூட இல்ல. டேங்க்கைத் திறந்து மோந்து பாருங்கன்னார். பெட்ரோல் வாசமே இல்ல, வார்னிஷ் வாசம்.

ஆர்.சி. புக்

அடுத்தது பேப்பர். தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டி புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும். மாமா வண்டி 1994-ல டி.என். 67 நம்பர்ல பதிவானது. 2009-லயும் 2014-லயும் புதுப்பிச்சிருக்கார். 2019-ல விட்டுட்டார். இப்போ புதுப்பிக்கணும்னா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ., அதாவது டி.என். 84 ஆபீஸ்ல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தணும். நிறுத்தறதுக்கு வண்டி ஓடணும். ஓடறதுக்கு ஒரு வருஷம் ஆகும். கட்டணமும் சும்மா இல்ல. 20 வருஷம் தாண்டின காரைப் புதுப்பிக்க 5,000 ரூபாயா இருந்ததை 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. தாமதக் கட்டணம் தனி.

"ப்ரோ, விண்டேஜ்னு பதிவு பண்ணிடலாமே"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். 2021-ல மத்திய அரசு அதுக்கு விதி கொண்டுவந்தது உண்மைதான். நம்பர்ல "வி.ஏ."ன்னு வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்கணும். முதல் கான்டெசாவுக்கே 2034-லதான் 50 வயசு ஆகும். மாமா வண்டிக்கு 2044. அதோட அப்படிப் பதிவான வண்டியை தினசரி ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். அம்மாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போக முடியாது.

நீங்க வேற யார்கிட்டயாவது பழைய கார் வாங்கப் போனா மூணு விஷயத்தை விடாதீங்க. ஒண்ணு, சேஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி.யில இருக்கறதோட ஒத்துப்போகுதா. பல கான்டெசாவுல என்ஜினை மாத்தியிருப்பாங்க, அதை ஆர்.சி.யில ஏத்தியிருக்க மாட்டாங்க. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாத்தக் கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ரெண்டு, பழைய லோன் ஆர்.சி.யில இன்னும் நிக்குதா. அந்த வங்கி வேற வங்கியோட சேர்ந்திருந்தா, கடிதம் வாங்க நடந்தே செருப்பு தேயும். மூணு, ஆர்.சி.யில பேர் இருக்கறவர் உயிரோட இருக்காரா. இல்லேன்னா வாரிசுகள் எல்லாரோட சம்மதமும் வேணும்.

"அந்தக் காலத்து இரும்பு கெட்டி"

மாமா கடைசியா போட்ட அஸ்திரம் இதுதான். பானட்டைத் தட்டிக் காட்டினார். "இந்தச் சத்தத்தைக் கேளு மாப்ளே. இப்ப வர்ற காரெல்லாம் பிஸ்கட் டப்பா."

இதுக்கு ஒரு நேரடி பதில் இருக்கு. 2009-ல அமெரிக்காவுல ஐ.ஐ.எச்.எஸ்.ங்கற அமைப்பு, 1959 மாடல் செவர்லே பெல் ஏர் காரையும் 2009 மாடல் மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணோட ஒண்ணு மோத விட்டாங்க. பெல் ஏர் கப்பல் மாதிரி இருக்கும். பார்க்கற யாரும் அதுதான் ஜெயிக்கும்னு சொல்லுவாங்க. நடந்தது என்னன்னா, பெல் ஏரோட டிரைவர் இருக்கற பகுதியே நசுங்கி, ஸ்டியரிங் ஆளை நோக்கி வந்துடுச்சு. உள்ள நிஜ மனுஷன் இருந்திருந்தா பிழைச்சிருக்க மாட்டார். மாலிபு டிரைவருக்கு கால்ல சின்ன காயம் அளவோட போயிருக்கும். வீடியோ இணையத்துல இருக்கு, பாருங்க.

காரணம் தகட்டோட தடிமன் இல்ல. மோதற வேகத்தை யாராவது வாங்கித்தான் ஆகணும். புதுக் கார்ல முன்பக்கம் வேணும்னே நசுங்கற மாதிரி செஞ்சிருப்பாங்க. அது நசுங்கி நசுங்கி அந்த அடியை வாங்கிக்கும், ஆள் உட்கார்ற கூண்டு மட்டும் அசையாது. பழைய கார்ல முன்பக்கம் வாங்காத அடி உள்ள இருக்கறவங்களுக்கு வரும். நம்ம நாட்டுல புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். 2019-ல இருந்தும், முன்னாடி ரெண்டு ஏர்பேக் 2022-ல இருந்தும் கட்டாயம். கான்டெசாவுல ரெண்டும் கிடையாது.

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு எப்படி இருக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். கொல்லம் போற நெடுஞ்சாலைதான், ஆனா மில் ஷிஃப்ட் விடற நேரத்துல சைக்கிள், மொபட், மினி பஸ், கேரளா லாரி எல்லாம் ஒரே கோட்டுல வரும். என் அப்பாவுக்கு 63 வயசு. அவசரமா பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆகி வண்டி நேரா வழுக்கிட்டுப் போற காரை, அந்த ரோட்டுல அவர்கிட்ட குடுக்கப் போறேனா?

அம்மா உட்கார்ந்து பார்த்தது

இவ்வளவு ஆராய்ச்சிக்கு அப்புறமும் நான் முடிவு பண்ணல, உண்மையைச் சொல்றேன். எக்ஸெல் ஷீட்ல "உணர்வு மதிப்பு"ன்னு ஒரு காலம் போட்டு, அதுக்கு 40 மார்க் குடுத்து, கான்டெசாவை ஜெயிக்க வைச்சுட்டு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கும் அந்த வண்டி மேல பாசம் உண்டு, தம்பி வண்டி இல்லையா. பின் கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்துட்டாங்க. சீட்டு தாழ்வு. "நல்லா இருக்குடா, அப்படியே இருக்கு" அப்படின்னாங்க. அப்புறம் எழுந்திருக்க முடியல. ஒரு கை கதவைப் பிடிச்சு, ஒரு கை என் தோளைப் பிடிச்சு, மூணாவது முயற்சியில எழுந்தாங்க. யாரும் எதுவும் பேசல. மாமாதான் முதல்ல, "காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னு உள்ள போனார்.

அன்னைக்கு ராத்திரி அந்தக் காலத்தை எக்ஸெல்ல இருந்து அழிச்சுட்டேன்.

அப்போ யார் வாங்கலாம்?

பழைய காரே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. என்கிட்ட நானே கேட்டுக்கிட்ட நாலு கேள்வியைச் சொல்றேன். நீங்களும் கேட்டுப் பாருங்க.

ஒண்ணு, வீட்டுல இது ஒரே காரா, ரெண்டாவது காரா? ஒரே கார்னா புதுசு, அல்லது சில வருஷமே ஓடின, ஏர்பேக் இருக்கற செகண்ட் ஹேண்ட். பழைய கார் எப்பவும் ரெண்டாவது காராத்தான் இருக்கணும். ஏன்னா அது ஓடாத நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ரெண்டு, கார் இருக்கற ஊர்ல நீங்க இருக்கீங்களா? பணத்தை அனுப்பலாம், நேரத்தை அனுப்ப முடியாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து ஓட்டணும், கசியுதான்னு கீழ குனிஞ்சு பார்க்கணும்.

மூணு, மெக்கானிக் போட்ட கணக்கு ஒன்றரை மடங்கு ஆனாலும் தாங்குமா? இன்ஷூரன்ஸ் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. 5 வருஷம் தாண்டின வண்டிக்கு மதிப்பு, நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கறதுதான். பழைய காருக்குப் பல தடவை தேர்டு பார்ட்டி மட்டும்தான் கையில மிஞ்சும். நீங்க போட்ட 5 லட்சம் பெயின்ட் அதுல வராது.

நாலு, உள்ள யார் உட்காரப் போறாங்க? இதை முதல் கேள்வியா வைச்சிருந்தா எனக்கு மூணு வாரம் மிச்சம்.

நாலுக்கும் உங்ககிட்ட நல்ல பதில் இருந்தா, தாராளமா வாங்குங்க. வேகத்துக்காக வாங்காதீங்க, முதலீடுன்னு வாங்காதீங்க. பிடிச்சிருக்குன்னு வாங்குங்க.

என்ன ஆச்சு?

அப்பா அம்மாவுக்கு ஒரு சின்ன கார் வாங்கியாச்சு. ஆறு ஏர்பேக், சீட்டு உயரம் அம்மா இடுப்பு மட்டத்துக்கு. பேர் சொன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும், விடுங்க. போன வாரம் மதுரை போயிட்டு வந்தாங்க. அம்மா போன்ல சொன்ன ஒரே விமர்சனம், "ஏ.சி. ரொம்ப குளிருதுப்பா".

கான்டெசாவை எடைக்குப் போட விடல. இதை எல்லாரும் கவனிங்க: ஆர்.சி.யை ரத்து பண்ணாம இரும்புக் கடைக்குக் குடுத்தா, அரசாங்கக் கணக்குல அந்த வண்டி உங்க பேர்ல உயிரோடவே இருக்கும். ஸ்கிராப் பண்ணணும்னா பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல குடுத்து சான்றிதழ் வாங்கணும். விக்கறதா இருந்தா 29, 30 ஃபாரம் போட்டு பேர் மாத்தற வரைக்கும் விடாதீங்க.

மெக்கானிக் அண்ணன் மூலமா கோயம்புத்தூர்ல ஒருத்தர் வந்தார். அவர்கிட்ட ஏற்கெனவே ஒரு கான்டெசா இருக்கு. ஒன்றரை லட்சத்துக்கு எடுத்துக்கிட்டார். லாரியில ஏத்தறப்போ மாமா வெளிய வரல. அப்புறம் பத்து நாள் என் போனையும் எடுக்கல.

போன வாரம் அவரே கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர் போட்டோ அனுப்பியிருக்கார். நம்ம வண்டியோட கதவு, கண்ணாடி, டெயில் லைட் எல்லாம் அவரோட வண்டியில ஏறியிருக்கு. நம்ம வண்டி மீதி, கதவில்லாம பின்னாடி ஓரமா நிக்குது. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "சாரி மாமா"ன்னேன்.

"விடு மாப்ளே. அந்த வண்டி ஓடுதுல்ல" அப்படின்னார். அப்புறம் அக்காவுக்கு முட்டி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வைச்சுட்டார்.

முடிவு சரிதான்னு தெரியும். ஆனாலும் அந்த போட்டோவை நான் இன்னும் முழுசா பெருசாக்கிப் பார்க்கல.

சரி மக்களே, உங்க வீட்டு ஷெட்டுல என்ன நிக்குது? அம்பாசிடரா, பத்மினியா, ஆர்.எக்ஸ். 100-ஆ? எடுத்து ஓட்டறீங்களா, வித்துட்டீங்களா, ஏன்? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சிலதைப் போடறேன். அதுவரைக்கும் சீட் பெல்ட் போட்டுக்கோங்க, பின் சீட்டுலயும்.